டீச்சரம்மா உயரத்துக்கு ஒரு சைக்கிள்

தேங்காய்க்குச் சொறி பிடித்த காலம் அது. வருஷத்தை நம்பராகக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. படித்தவர்களைக் கேட்டால் தொண்ணூறுகளின் கடைசி என்பார்கள். என் கணக்கு வேறு. கிணத்துக்கடவைச் சுற்றி எந்தத் தோப்பில் நுழைந்தாலும் காயின் மேலெல்லாம் பழுப்பாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ சிலந்தி என்றார்கள். மட்டையை உரித்தால் உள்ளே எலுமிச்சைக்கு அண்ணன் மாதிரி ஒரு காய் இருக்கும். வியாபாரி காலால் தள்ளிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அதற்கு அடுத்த சித்திரையில்தான் நாங்கள் சைக்கிள் வாங்கினோம்.

இப்போது இது எதற்கு ஞாபகம் வந்தது என்றால், டயர் வாசத்தால்தான். நான் சரவணம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறான். காலையில் டீ குடிக்கப் போகிற வழியில் புதிதாக ஒரு சைக்கிள் கடை வந்திருக்கிறது. முழுக்கக் கண்ணாடி. நான் தாண்டும்போது யாரோ கதவைத் திறந்தார்கள். ஏசிக் காற்றோடு சேர்ந்து புது ரப்பர் வாசம் மூக்கில் வந்து ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரப் பையன் நான் வாங்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டு, "வாங்கய்யா, யாருக்கு? ஹைட் எவ்வளவு இருப்பாங்க?" என்று டேப்பை உருவினான். இப்போதெல்லாம் ஆளை அளந்து, அந்த அளவுக்குத்தான் சைக்கிள் தருவார்களாம். "சும்மா பாக்க வந்தனுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டீ குடிக்க மறந்து வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சைக்கிளை யாரும் ஆளை அளந்து தரவில்லை. பையில் இருந்த பணத்தை அளந்துதான் தந்தார்கள்.

சைக்கிள் எனக்கு இல்லை. என் வீட்டுக்காரி மயிலாத்தாவுக்கு. நாங்கள் இரண்டு பேருமே தோப்பு வேலைக்காரர்கள். நான் பாத்தி கட்டுவேன், மட்டை பொறுக்குவேன், தண்ணீர் பாய்ச்சுவேன். அவள் களை எடுப்பாள், சாணி அள்ளுவாள். எங்கள் அப்பன் பாட்டன் எல்லோரும் ஒரே குடும்பத்துத் தோப்பில்தான் வேலை செய்தார்கள். அந்தத் தோப்புக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடுவோம். அவர் அப்பாவும் பண்ணாடிதான், அவர் பிள்ளைக்கும் அந்தப் பெயர் காத்திருந்தது. காய்க்குச் சொறி வந்ததும் தோப்பில் வேலை பாதியாகிவிட்டது. மயிலாத்தா மெயின் ரோட்டில் இருந்த நூல் மில்லுக்குப் போக ஆரம்பித்தாள்.

பஞ்சு மில் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சோடு வருவாள், பனியில் நனைந்த ஆடு மாதிரி. "தோட்டத்துல நாள் முச்சூடும் நெலத்தப் பாத்துட்டே இருப்பனுங். இங்க நிமுந்து நிக்கோணும்" என்பாள். ஆனால் மில் தூரம். விடிவதற்கு முன்னால் கிளம்பி வேகு வேகென்று நடந்தாலும் கேட் பூட்டுகிற சங்கு சில நாள் பாதி வழியிலேயே கேட்டுவிடும். பூட்டிய கேட்டிலிருந்து திரும்பி வருவாள். எங்கள் காலனிப் பக்கம் மில் வேன் வராது. மேஸ்திரி ஒருநாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா லேட்டானா வேலையில்ல அம்மணி. காத்துட்டு நிக்கறாங்க நெறையப் பேரு."

அன்றைக்கு இரவு சோறு போடும்போது சொன்னாள், "நான் சைக்கிள் பழகப்போறேன்." எனக்குப் புரை ஏறியது. அவளுக்கு அப்போதே பெரிய பெண் கல்யாண வயதில் இருந்தாள்.

கிணத்துக்கடவில் வாடகை சைக்கிள் கடை ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள். குள்ளமானது, கன்றுக்குட்டி உயரம். அதை வாடகைக்கு எடுத்து, வற்றிக் கிடந்த குட்டைக்குள் பழகினாள். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவேன். காலனிப் பெண்கள் மேட்டில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். "மயிலக்கா, திரும்பறப்ப கண்ண மூடாதீங்க!" என்று ஒருத்தி கத்துவாள். "மாமனப் பாருங்கடி, நாக்கு வெளிய வந்துருச்சு!" என்று இன்னொருத்தி. நிஜமாகவே வந்திருக்கும்.

அவளுக்கு ஓட்டுவது சீக்கிரம் வந்துவிட்டது. நிறுத்துவதுதான் வரவில்லை. பிரேக்கை நம்பவே மாட்டாள். நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு காலையும் தரையில் ஊன்றிவிடுவாள். குள்ளச் சைக்கிள் என்பதால் கால் எட்டியது. புழுதி பறக்க இழுத்துக்கொண்டே போய் நிற்பாள். செருப்பு தேய்ந்ததே தவிர வேறு சேதம் இல்லை.

சொந்தச் சைக்கிள் வாங்க அவள் வளர்த்த இரண்டு ஆடுகளை விற்றாள். பணத்தைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். என் மச்சினன் கருப்புசாமியையும் கூட்டிக்கொண்டோம். அவன் திருப்பூரில் சில காலம் பனியன் கம்பெனியில் இருந்தவன், சைக்கிள் விவரம் தெரிந்தவன், முக்கியமாக எழுத்துக் கூட்டிப் படிப்பவன். எனக்குப் பஸ்ஸை நிறத்தை வைத்துத்தான் தெரியும். ஒருமுறை பஸ்ஸுக்குப் பெயிண்டை மாற்றிவிட்டார்கள், நான் உடுமலைப்பேட்டை போய்ச் சேர்ந்தேன். அது வேறு கதை.

உக்கடத்தில் இறங்கி, டவுன்ஹால் பக்கம் ஒரு சந்துக்குள் நடந்தோம். சந்து முழுக்க அந்த வாசம்தான். கடைகளில் டயர்களை வளையல் மாதிரி அடுக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். கருப்புசாமி சொன்ன கடைக்குள் போனோம். கண்ணாடி போட்ட, தொந்தி வைத்த முதலாளி. "வாங்க, வாங்க. உக்காருங்க அம்மணி" என்று ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மயிலாத்தா என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கத்துக் கடைகளில் எங்களை யாரும் உட்காரச் சொன்னதில்லை. ஸ்டூலின் ஓரத்தில், பாதி உடம்பு காற்றில் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டாள்.

நான் எனக்குத் தெரிந்த மாதிரி சைக்கிள் பார்த்தேன். சுற்றிச் சுற்றி வந்தேன். பின்பக்கம் தட்டினேன். குனிந்து அடியில் பார்த்தேன். "மச்சான், சுழி தேடறீங்களா?" என்றான் கருப்புசாமி. மாட்டுக்கு நல்ல சுழி கெட்ட சுழி பார்ப்போமே, அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறான்.

அங்கே ஒரு சிவப்புச் சைக்கிள் இருந்தது. முன்னால் கம்பிக் கூடை. சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்னால் வெள்ளை வலை. வாடகைச் சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் உயரம். முதலாளி அவளை ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். இரண்டு காலும் தரையைத் தொட்டன. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ரெண்டு காலும் எட்டுதுங்" என்றாள். கைப்பிடியைத் தடவினாள். கூடைக்குள் சோத்துப் போசியை வைப்பதுபோல் கையால் அளவு பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னால் பார்த்திருக்கிறேன், ஆனால் முதல் தடவை அங்கேதான்.

முதலாளி விலையைச் சொன்னார். எனக்குக் கணக்கு ஓடவில்லை. ஆனால் அவள் இடுப்பில் கையை வைத்து, சுருக்குப் பையின் கயிற்றை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கினாள். எனக்குப் புரிந்துவிட்டது.

நான் பேரம் பேசலாமென்று முதலாளி பக்கத்தில் போய், தோளிலிருந்த துண்டை எடுத்து என் கையின் மேல் போட்டு, அதற்கடியில் கையை நீட்டினேன். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். விலையை வாயால் சொல்ல மாட்டோம், துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். முதலாளி துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துண்டுக்கடியில் கையை விட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப சந்தோசங்க" என்றார். கருப்புசாமி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

கூடை வேண்டாம், கேரியர் வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம். "ஸ்டாண்டு இல்லீன்னா சாத்தி வெக்கறதுக்குச் செவுரு கூடவே வருமா?" என்று கேட்டாள். அப்படியும் பணம் எட்டவில்லை. தவணைக்குத் தருவார்களாம், ஆனால் நிலபுலன் உள்ளவர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

"பண்ணாடிகிட்டக் கேட்டாப் போடுவாருக்கா" என்றான் கருப்புசாமி.

"அவுரு கையெழுத்துல வாங்குனா அது அவுரு சைக்கிளு. நாளைக்குத் தோட்டத்துல ஆள் பத்தலீன்னா, மில்லுக்குப் போவேண்டாம்பாரு. அப்ப என்ன சொல்லுவ?"

அவள் சிவப்புச் சைக்கிளிலிருந்து மெல்ல இறங்கினாள்.

முதலாளிக்கு எங்களை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. உள்ளே போய், தூசி படிந்த ஒரு பச்சைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். லேடீஸ் சைக்கிள்தான், ஆனால் குதிரை மாதிரி உயரம். "ஒரு டீச்சரம்மாவுக்குன்னு சொல்லி வெச்சு வரவழச்சதுங்க. அந்தம்மா நல்ல ஒசரம், என்னையே குனிஞ்சுதான் பாக்கும். வண்டி வர்றதுக்குள்ள மாத்தலாகிப் போயிட்டாங்க. ரெண்டு வருசமாக் கெடக்குது. இந்த ஒசரத்துக்கு ஆள் வல்லீங்க" என்றார். சொன்ன விலை அவள் பைக்குள் அடங்கியது.

மயிலாத்தா என் தோளுக்குக் கீழே இருப்பாள். ஸ்டூல் மேல் ஏறி அதிலிருந்துதான் சீட்டில் உட்கார முடிந்தது. கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. "சீட்டக் கொஞ்சம் எறக்குங்க" என்றேன்.

"முழுசா எறக்கியாச்சுங்க. இதுக்கு மேல எறங்காது" என்றார் முதலாளி. பிறகு அவளைப் பார்த்து, "ஓட்டறப்பப் பெடல் எட்டுனாப் போதுங்க அம்மணி. தரை எதுக்கு?" என்றார்.

அவள் சிவப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. "இதையே தொடச்சுக் குடுங்க" என்றாள். பெல்லை இலவசமாகத் தருவதாகச் சொன்னதும், தட்டில் இருந்த அத்தனை பெல்லையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, கடையே காது பொத்துகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

சைக்கிளைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜன்னலில் தலையை நீட்டி, ஏணியில் யாராவது ஏறுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர், "அக்கா, உங்க குதிர அங்கியேதான் இருக்குது" என்றார்.

இனிமேல்தான் விஷயம். எங்கள் காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஒரே தார்ச்சாலைதான். அது பெரிய வீதி வழியாகப் போகிறது. பண்ணாடி வீடு, அவர் பங்காளிகள் வீடு, கோயில், டீக்கடை எல்லாம் அந்த வீதியில். எங்கள் ஆட்கள் சைக்கிளில் வந்தால் வீதி முனையில் இறங்கி, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், அடுத்த முனையில் ஏறிக்கொள்வோம். யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. அப்படி ஒரு பழக்கம். யாரும் இல்லாத நேரம் பார்த்து இளவட்டங்கள் விர்ரென்று ஓட்டிப் போவார்கள்தான். என்னைப் போன்றவர்கள் இறங்கிவிடுவோம். சும்மா சொல்லவில்லை, என் கால் என்னைக் கேட்காமலே இறங்கும்.

முதல் நாள் காலை. காலனி முனையில் உடைந்த ஆட்டுக்கல் ஒன்றை நான் உருட்டிப் போட்டிருந்தேன். அதில் ஏறி நின்று சைக்கிளில் உட்கார்ந்தாள். மில் கேட்டுக்கு எதிரே ஒரு பாலத்தின் கட்டைச்சுவர் இருக்கிறது, அதை ஒட்டி நிறுத்தி அதில் கால் வைத்து இறங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஏறவும் கல், இறங்கவும் கல். நாங்கள் இரண்டு பேரும் பெருமையாக இருந்தோம். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

பெரிய வீதி முனை வந்தது. என் கால் தானாக நின்றது. "எறங்கு, எறங்கு" என்றேன்.

"எப்பிடிங் எறங்கறது? கல்லெங்கீங்?"

நடுவில் கல் இல்லை. இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. கேரியர் என் கையிலிருந்து நழுவியது. அவள் போய்விட்டாள்.

நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். டீக்கடையில் ஐந்தாறு பேர். பண்ணாடி தன் வீட்டு வாசலுக்கு எதிரே, நடு ரோட்டில் நின்று வேப்பங்குச்சியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் கைப்பிடியை இரண்டு கையாலும் உடும்பு மாதிரி பிடித்திருந்தாள். கோழி ஒன்று குறுக்கே ஓடியது. பெல் அடித்தாள். அந்த வீதியில் எங்கள் ஆட்கள் பெல் அடித்து நான் கேட்டதே இல்லை. அதுவும் அந்தப் பெல்.

"தள்ளுங்க, தள்ளுங்க! பிரேக்குப் புடிச்சா உளுந்துருவனுங்க!" என்று கத்தினாள்.

பண்ணாடி தள்ளினார். வேறு என்ன செய்வார்? குதிரை உயரத்தில் ஒரு சைக்கிள் நேராக வந்துகொண்டிருந்தது. வேப்பங்குச்சியோடு சாக்கடை ஓரத்துக்கு ஒரு தாவு தாவினார். அவள் போனாள். வீதி முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தபடியே போய், அந்த முனையில் திரும்பி மறைந்தாள். நிமிராமல் ஓட்டினால் அந்தச் சைக்கிளில் பெடல் எட்டாது.

வீதி அப்படியே நின்றது. நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"ஏண்டா" என்றார் பண்ணாடி. வாயில் வேப்பஞ்சாறு. "உன்ற பொண்டாட்டிக்கு எறங்கத் தெரியாதா?"

"தெரியாதுங்க பண்ணாடி" என்றேன். சத்தியமான வார்த்தை. "ஏறத்தான் தெரியுமுங்க. அதுக்கும் கல்லு வேணுமுங்க."

டீக்கடையில் யாரோ களுக்கென்றார்கள். "அப்ப மில்லுல போயி எப்பிடிடா எறங்குவா?" என்று ஒருவர் கேட்டார்.

"அங்க பாலத்துக் கட்டை இருக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பண்ணாடியும் கொஞ்சம் சிரித்தார். நான் உயிர் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆள் வந்தது, பண்ணாடி கூப்பிடுகிறார் என்று. மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தார். கோபம் இல்லை. அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். என் பெரிய மகள் பிறந்தபோது பால் கொடுத்தனுப்பியவர். என்னிடம் நிதானமாகத்தான் பேசினார்.

"கேட்டேன்டா. கடையில சின்னதா ஒரு செவப்பு சைக்கிளு இருந்துதாமா. கருப்புசாமி சொன்னான். அதுன்னா காலு எட்டுமாமா. இதக் குடுத்துப்போட்டு அத மாத்திக்க. மேற்கொண்டு ஆவறத நான் குடுத்துடறேன். திருப்பித் தர வேண்டாம். வீதியில எறங்கி, தள்ளிட்டுப் போயி, அக்கட்ட ஏறிக்கட்டும். பொம்பள உளுந்து கையிகாலு போச்சுன்னா யாருக்கு நட்டம்? பழக்கமும் கெடாது பாரு."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அவளுக்கு ஆசைப்பட்ட சைக்கிளும் கிடைக்கும், வேலையும் நிலைக்கும், வீதியிலும் வம்பில்லை. வீட்டுக்கு ஓடினேன். அவள் விறகு ஊதிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அந்தச் செவப்பா?"

"ஆமா. கூடையோட."

தீ அணைந்து புகை வந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. பிறகு எழுந்து போய், சுவரில் சாய்த்திருந்த பச்சைச் சைக்கிளைத் தொட்டாள். சீட் அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது.

"எறங்கறதுக்கா ஒரு சைக்கிளு வாங்குவாங்க?" என்றாள். "நாம போறதுக்குத்தானுங் வாங்குனோம்."

"பண்ணாடிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கறேன்."

அடுத்த நாள் காலையும் கூடவே ஓடினேன். பண்ணாடி இந்தத் தடவை ரோட்டோரமாகவே, வாசல் திண்ணையில் சாய்ந்து நின்றிருந்தார். டீக்கடையில் கூட்டம் அதிகம், விஷயம் தெரிந்துவிட்டது. அவள் தூரத்திலேயே பெல் அடித்தாள். அவருக்கு நேராக வந்ததும், தலையை மட்டும் லேசாகக் குனிந்து சொன்னாள்:

"பண்ணாடி, இந்த சைக்கிளே பழகிப்போச்சுங்க! இதே போதுமுங்க! வாரனுங்க!"

நிற்காமல் சொன்னாள். நிற்க முடியாதே. மரியாதை முழுக்க இருந்தது, இறங்குவது ஒன்றைத் தவிர. பண்ணாடி அண்ணாந்து பார்த்தார். அவர் யாரையும் அண்ணாந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கதையாக இருந்தால் ஏதாவது ஆகியிருக்கும். கொஞ்ச நாள் என்னைத் தோட்டத்து வேலைக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பெரிய வீதியிலிருந்து இரண்டு பேர் வந்து, "பொண்டாட்டிகிட்டச் சொல்லி வைய்யி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். ராத்திரி நாய் குரைத்தால் சைக்கிளைத்தான் முதலில் பார்ப்பேன். அவள் காலையில் கல்லில் ஏறுவாள், போவாள். அவள் போவதற்குள் கேட் பூட்டிய நாளே இல்லை. கொஞ்ச நாளில் கோழிகளே அந்தப் பெல்லைக் கேட்டு ஒதுங்கப் பழகிக்கொண்டன. மனிதர்கள் அதற்கும் கொஞ்ச நாள் கழித்து.

தை மாசம் கருப்புசாமி பெண்டாட்டி மில்லுக்குச் சேர்ந்து ஒரு சைக்கிள் வாங்கினாள். பிறகு இன்னொருத்தி. அடுத்த வருஷத்துக்குள் விடியற்காலையில் எங்கள் காலனியிலிருந்து ஒரு வரிசையே கிளம்பும். மற்றவர்கள் வாங்கியதெல்லாம் சின்னச் சைக்கிள். எல்லோருக்கும் கால் எட்டும், இறங்கத் தெரியும். மயிலாத்தா முன்னால் போவாள், ஒருத்தரும் இறங்க மாட்டார்கள். வீதியில் டீ ஆற்றுகிற சத்தமும் அந்தப் பெல் சத்தமும்தான் கேட்கும். பெண்கள் போன பின்னால் கொஞ்ச நேரம் மல்லிகைப்பூவும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசம் ரோட்டில் நிற்கும். நான் அந்த வாசத்துக்குள் நடந்து தோட்டத்துக்குப் போவேன்.

அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டைக்குள் வைத்து இறங்கப் பழகிவிட்டாள். சேலையைச் செருகி, காலை வீசி, ஒரு குதி. என்னிடம் வந்து, "வீதியில யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்" என்றாள்.

ஞாயிறுகளில் சந்தைக்கு நான்தான் சைக்கிளை ஓட்டுவேன். எனக்கு அந்த உயரம் சரியாக இருந்தது. அவள் கேரியரில் உட்கார்ந்துகொள்வாள். முதல் ஞாயிறு பெரிய வீதி முனை வந்ததும் என் கால் தரையைத் தேடியது. பின்னாலிருந்து என் முதுகில் ஒரு கை.

"ஏனுங், எதுக்கு நிக்கறீங்?"

"இல்ல... வீதி."

"நாந்தான் பொறகால உக்காந்திருக்கறனல்லங். சும்மா மிதிங்."

மிதித்தேன். அந்த வீதி அவ்வளவு நீளம் என்று நடந்து போனபோதெல்லாம் தெரியவில்லை. கோயிலைத் தாண்டினேன், டீக்கடையைத் தாண்டினேன். என் துண்டு தோளிலேயே கிடந்தது. அவள் கை முதுகிலிருந்து விலகவில்லை. அடுத்த முனை வந்ததும்தான் மூச்சு விட்டேன். "ஆச்சுங்" என்றாள், சோறு வெந்ததைச் சொல்வது மாதிரி.

அந்தக் கையின் சூடு இருக்கிறதே, அதைத்தான் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். மயிலாத்தா போய்ச் சேர்ந்து சில மழைக்காலம் ஆகிவிட்டது. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது என்றார் டாக்டர். வீட்டில் ஓய்ந்து கிடந்த கடைசி நாட்களில்கூட, விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, "சங்கு ஊதிட்டாங்களாங்?" என்று கேட்பாள். மில்லை மூடி அப்போதே பல வருஷம். இல்லை, இன்னும் நேரம் இருக்கிறது, தூங்கு என்பேன்.

அந்த மில் இருந்த இடம் சைட்டாகிவிட்டது. கல் நட்டு, கொடி கட்டி விற்கிறார்கள். பாலத்துக் கட்டைச்சுவரை ரோடு அகலப்படுத்தும்போது இடித்துவிட்டார்கள். ஆட்டுக்கல் தாருக்கடியில் போய்விட்டது. பச்சைச் சைக்கிளை மகன் இரும்புக்குப் போட்டான், நான் அப்போது ஊரில் இல்லை. பண்ணாடி மகன் தோப்பை விற்றுவிட்டு டவுனுக்குப் போய்விட்டார். டீக்கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. விடியற்காலையில் வேன் வந்து ஹாரன் அடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. எதிலோ ஏறி எங்கோ போகிறார்கள், ரோட்டில் பூ வாசம் நிற்பதில்லை.

போன வருஷம் ஊருக்குப் போனபோது, கருப்புசாமியின் பேத்தி என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். பெரிய வீதி வந்தது. காதில் ஒரு வயரைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே, யாரையும் பார்க்காமல், ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போனாள். "இங்க முன்ன எறங்கித்தான் கண்ணு போகோணும்" என்றேன். "எதுக்குங் தாத்தா? ரோடு ரிப்பேரா?" என்று கேட்டாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படிக் கேட்கத்தானே எல்லாம். ஆனால் அன்றைக்கு எனக்கு எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. காற்று வேறு முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுதத் தெரியாதவன், இதை எங்கேயும் குறித்து வைக்க என்னால் ஆகாது. நீங்கள் பொறுமையாக இவ்வளவு நேரம் கேட்டீர்கள். கிணத்துக்கடவுப் பக்கம் எப்போதாவது போனால், யாராவது பெண்பிள்ளை வண்டியில் போவதைப் பார்த்தால், அவளிடம் இதைச் சொல்லிப்போடுங்கள். மயிலாத்தான்னு ஒருத்தி இருந்தாள் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளையை இறங்கச் சொல்லாமல், அவள் போகிற வேகத்திலேயே காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள், அது போதும்.